‘சமர்த்து’ என்பதும் ஒரு பட்டப்பெயர்தான்

பெற்றோர்–ஆசிரியர் கூட்டம். மேசைக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் வகுப்பாசிரியை, நடுவில் பையன். “இவன் சரியான சோம்பேறி மிஸ். இவங்கக்கா அப்படியில்ல, அவ சமர்த்து” என்கிறார் அம்மா. ஆசிரியை தலையாட்டுகிறார். பையன் தன் ஷூ முனையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். வெட்கப்படுகிறான் என்று நாம் நினைத்துக்கொள்வோம். கேட்டுக் கேட்டுச் சலித்த செய்தி இன்னொரு முறை காதில் விழுகிறது, அவ்வளவுதான். வீடு திரும்பும் வழியில் “நீ எப்படிப்பட்ட பையன்?” என்று யாராவது கேட்டால், உயரம் எடை சொல்வதுபோல “சோம்பேறி” என்பான்.

தன்மதிப்பு என்றாலே ‘நிறையப் பாராட்டுங்கள், திட்டாதீர்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஒரு திட்டு மறுநாள் காலைக்குள் கரைந்துபோகும். பெயர் கரையாது. மக்கு, தண்டம், வாலு, அழுமூஞ்சி, வாயாடி, கருமி என்று தமிழில் கைக்கெட்டும் தூரத்திலேயே ஒரு பை நிறையப் பெயர்கள் கிடக்கின்றன. நல்ல பக்கத்தில் தங்கம், கெட்டிக்காரி, சமர்த்து, ‘எங்க வீட்டு டாக்டர்’.

எது திட்டு, எது பெயர் என்று பிரிக்கப் பள்ளி இலக்கணமே போதும். பெயர்ப் பயனிலை, வினைப் பயனிலை என்று படித்திருப்போம். ‘நீ சோம்பேறி’ பெயரில் முடிகிறது. ‘நீ இன்னும் பையை எடுத்து வைக்கல’ வினையில் முடிகிறது. முதலாவதைக் கேட்ட பிள்ளைக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இரண்டாவதைக் கேட்டால் எழுந்துபோய்ப் பையை எடுத்து வைக்கலாம். ஒரு வாரம், வீட்டில் பிள்ளையைப் பார்த்துச் சொல்கிற வாக்கியங்கள் எதில் முடிகின்றன என்று மட்டும் கவனியுங்கள். நல்ல பெயர்களையும் சேர்த்தே எண்ணுங்கள்.

சமர்த்து என்று பெயர் வாங்கிய பெண்ணின் தொல்லை வெளியே தெரியாது. வகுப்பில் புரியாத இடத்தில் அவள் கை தூக்க மாட்டாள். தூக்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும். தம்பி பென்சில் பெட்டியைப் பிடுங்கினாலும் விட்டுக்கொடுத்தாக வேண்டும்; கோபப்பட்டால் பெயர் போய்விடும். உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்து 1998இல் வெளியிட்ட சோதனை இதைத்தான் தொட்டது. முதலில் சுலபமான புதிர்கள். முடித்ததும் சிலரிடம் ‘நீ புத்திசாலியாத்தான் இருக்கணும்’ என்றார்கள், சிலரிடம் ‘நல்லா உழைச்சிருக்கணும்’ என்றார்கள். அடுத்துக் கொடுத்த கடினமான புதிர்களில் எல்லாருமே திணறினார்கள். மூன்றாவதாக மறுபடியும் சுலபமானவை. புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்கள் முதல் தடவை எடுத்ததைவிடக் குறைவாக எடுத்தார்கள். முகம் தெரியாத வேறு பள்ளிப் பிள்ளைக்கு உங்கள் மதிப்பெண்ணை எழுதுங்கள் என்றபோது, அவர்களில் ஏறத்தாழ 10க்கு 4 பேர் கூட்டி எழுதினார்கள். நல்ல பெயரைக் காப்பாற்றப் பத்து வயதில் ஒரு பொய்.

இதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் முயற்சியைப் பாராட்டினால் போதும்’ என்று கிளம்பியவர்களும் சறுக்கினார்கள். ராத்திரி பகலாகப் படித்து 38 வாங்கிய பிள்ளையிடம் “பரவாயில்ல, நல்லா முயற்சி பண்ணினே” என்றால், ‘இதுக்கு மேல உனக்கு வராது’ என்றுதான் அதன் காதில் விழும். பிற்பாடு பெரிய அளவில் நடந்த ஆய்வுகளிலும், ‘முயன்றால் திறமை வளரும்’ என்ற மனப்பான்மையைச் சொல்லிக்கொடுப்பதால் மதிப்பெண்ணில் வந்த பலன் சிறியதாகவே இருந்தது. மிகைப் பாராட்டு இன்னும் மோசம். நெதர்லாந்தில் எடி புருமல்மன் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்பு குறைந்த பிள்ளைகளைத்தான் பெரியவர்கள் ‘அபாரம்’, ‘பிரமாதம்’ என்று அதிகம் புகழ்ந்தார்கள். அப்படிப் புகழப்பட்ட அதே பிள்ளைகள்தான் அடுத்த முறை சவாலான படத்தை வரையாமல் சுலபமானதைத் தேர்ந்தெடுத்தார்கள். அபாரம் என்ற சொல் அடுத்த முறையும் அபாரமாக இருக்கச் சொல்கிறது, அது பயம்.

பிறகு என்னதான் சொல்வது? கண்ணில் பட்டதைச் சொன்னால் போதும். “மரத்துக்கு வேரெல்லாம் வரைஞ்சிருக்கியே, எப்படித் தோணுச்சு?” இதற்குப் பிள்ளை ஐந்து நிமிடம் பதில் சொல்லும். “சூப்பர்டா” என்றால் பதிலே வராது. போனைப் பார்த்துக்கொண்டே சொல்கிற சூப்பருக்கு என்ன மதிப்பு என்று பிள்ளைகளுக்கு மூன்று வயதிலேயே தெரியும்.

‘நான்’ என்ற எண்ணம் எப்போது தொடங்குகிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். குழந்தைக்குத் தெரியாமல் மூக்கு நுனியில் கொஞ்சம் குங்குமம் தடவிக் கண்ணாடி முன் விடுங்கள். (நெற்றியில் வைத்தால் கணக்கில் சேராது, அங்கே பொட்டு தினமும் இருப்பதுதான்.) ஒரு வயதுக் குழந்தை கண்ணாடியைத் தட்டும், பின்பக்கம் எட்டிப் பார்க்கும். 18 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் ஒரு நாள் தன் மூக்கைத் தொட்டுப் பார்க்கும். பியூலா ஆம்ஸ்டர்டாம் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1972இல் வெளியிட்ட சோதனை இது. சில வாரம் முன்னே பின்னே ஆனால் கவலைப்பட ஒன்றுமில்லை.

அதையொட்டியே ‘நானே’ காலம் வந்துவிடும். நானே ஊத்துவேன், நானே போடுவேன். காலை எட்டரை மணி அவசரத்தில் இது பிடிவாதமாகத் தெரியும். சட்டைப் பொத்தானை முழுக்கப் போடவிட்டால் பிள்ளை தோற்று அழும். நாமே போட்டுவிட்டாலும் அழும். கடைசிப் படியை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள். ஐந்து பொத்தானில் நான்கை நீங்கள் போடுங்கள், ஐந்தாவதைத் துளையில் பாதி நுழைத்துக் கொடுங்கள், இழுப்பது மட்டும் அதன் வேலை. அது வந்துவிட்டால் கடைசி இரண்டு. எப்போதும் முடித்தது நான் என்ற இடத்தில் பிள்ளை நிற்கும். ஷூ மாட்டுவது, சோறு பிசைவது, பாய் சுருட்டுவது எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

நாலு வயதில் எல்லாப் பிள்ளைகளும் பெருமைக்காரர்கள். நான்தான் ஃபர்ஸ்ட், நான்தான் பெரிய பலசாலி. அடக்கம் கற்றுத்தரும் வயது இது இல்லை. ஏழு எட்டு வயதில் தானாகவே இறங்கும், ஏனென்றால் அப்போதுதான் பக்கத்துப் பெஞ்சைப் பார்த்துத் தன்னை அளக்கத் தெரிகிறது. அந்த நேரம் பார்த்து ரேங்க், பக்கத்து வீட்டுப் பிள்ளை, ‘எத்தனாவது வந்தே?’ என்று கேட்கும் சித்தப்பா எல்லாரும் சேர்ந்து வருவார்கள். ஒப்பிடுவதை நிறுத்த முடியாது. யாரோடு ஒப்பிடுவது என்பதைக் கொஞ்சம் மாற்றலாம். ஜூன் முதல் வாரத்தில் எழுதிய கையெழுத்துப் பக்கம் ஒன்றைத் தேதி போட்டு எடுத்து வையுங்கள். நவம்பரில் இப்போதைய பக்கத்தை அதன் பக்கத்தில் வைத்து, ஒன்றும் சொல்லாமல் பிள்ளையிடம் கொடுங்கள். ‘ல’வும் ‘ள’வும் கோட்டில் உட்கார்ந்திருப்பதை அதுவே கண்டுபிடிக்கும்.

வீட்டு வேலை இந்தக் கணக்கில் மிகக் குறைவாக மதிக்கப்படுகிறது. தன்னால் ஒரு காரியம் ஆகிறது என்பதற்கு இதைவிட உறுதியான சாட்சி பிள்ளைக்குக் கிடைக்காது. ஐந்து ஆறு வயதில் தண்ணீர் பாட்டில் நிரப்புவது, செடிக்கு ஊற்றுவது. எட்டு ஒன்பதில் கடைக்குப் போய்ப் பால் பாக்கெட் வாங்கி, மிச்சக் காசை எண்ணிக் கொண்டுவருவது. பதினொன்று பன்னிரண்டில் அரிசி களைந்து அளவாகத் தண்ணீர் வைப்பது, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க தோசை வார்ப்பது. பதினாலில் தனியாக பஸ் ஏறிப் பாட்டி வீட்டுக்குப் போய் வருவது, கரண்ட் பில் கட்டுவது. அந்த வேலை நடக்காவிட்டால் வீட்டில் யாருக்காவது இடிக்க வேண்டும், அப்போதுதான் அது வேலை. பாட்டில் நிரப்ப மறந்தால் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர் இருக்கக் கூடாது. நாம் சத்தமில்லாமல் நிரப்பிவிட்டால் அது விளையாட்டாகப் போய்விடும்.

கெடுவது ஒரே இடத்தில்தான். பிள்ளை மடித்த துணியை அதன் கண்ணெதிரிலேயே பிரித்து மடிக்கிறோம். வாயால் “பரவாயில்லடா கண்ணா” என்கிறோம், கை வேறு சொல்கிறது. பிள்ளை கையைத்தான் நம்பும். கோணல் மடிப்போடு அலமாரியில் வையுங்கள், இரண்டு நாளில் யார் பார்க்கப்போகிறார்கள்? இன்னொன்று, பையனுக்கு விலக்கு கொடுத்துப் பெண்ணுக்கு மட்டும் வேலை வைக்கிற வீட்டில் இரண்டு பேருக்கும் நஷ்டம். அவளுக்கு அது பொறுப்பு ஆகாது, தண்டனை ஆகும். அவனுக்குத் தன் சட்டையைத் தானே தேய்த்துப் போட்ட நிமிர்வு கிடைக்காது.

மதிப்பெண் வரும் நாளைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2017இலேயே பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசு நிறுத்திவிட்டது. வீட்டில் நிற்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுக் கணக்கில் 52 என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு மாலை பேச வேண்டாம். “பார்த்தேன். சனிக்கிழமை உக்காந்து பாக்கலாம்” என்பது போதும், ஆனால் சனிக்கிழமை நிச்சயம் உட்கார வேண்டும். விடைத்தாளும் நான்கு நிறப் பேனாவும். போன 48 மதிப்பெண்ணை ஒவ்வொன்றாகப் பிள்ளையே பிரிக்கட்டும்: சுத்தமாகத் தெரியாதது சிவப்பு, தெரிந்தும் தப்புவிட்டது நீலம், நேரம் போதாதது பச்சை, கேள்வியே புரியாதது கறுப்பு. நம் வேலை கூட்டிப் பார்ப்பது மட்டும்.

கூட்டினால் இப்படி வரலாம். சிவப்பில் மூன்று ஐந்து மதிப்பெண் கணக்கு, இரண்டு இரண்டு மதிப்பெண், ஒரு ஒரு மதிப்பெண்: மொத்தம் 20. நீலத்தில் கூட்டல் கழித்தல் குறிகளை மாற்றிப் போட்டு அங்கங்கே போனது 11. பச்சையில் 13, அதாவது கடைசியில் இருந்த எட்டு மதிப்பெண் வரைபடமும் ஓர் ஐந்து மதிப்பெண் கணக்கும். கறுப்பில் 4. இப்போது பிள்ளையின் கையில் இருப்பது ‘எனக்குக் கணக்கு வராது’ என்ற தீர்ப்பு அல்ல, ஒரு பட்டியல். பச்சையில் உள்ள 13க்குப் புதிதாக ஒரு எழுத்துகூடப் படிக்க வேண்டாம். வரைபடத்தை முதல் ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிட்டால் போதும். சிவப்பிலுள்ள மூன்று கணக்கும் ஒரே பாடத்திலிருந்து வந்ததா என்று பாருங்கள், பல நேரம் அப்படித்தான் இருக்கும்.

இது கெடுவதும் உண்டு. நீலத்தைப் பார்த்ததும் “இவ்ளோ கவனக்குறைவா!” என்று நம் வாய் சும்மா இருக்காது. அந்த நொடியில் பிள்ளை பேனாவை வைத்துவிடும், அடுத்த தேர்வின் விடைத்தாள் வீட்டுக்கே வராது. இரண்டு பாடத்துக்கு மேல் ஒரே நாளில் பார்க்காதீர்கள். தொண்ணூறு வாங்கிய தாளையும் இதேபோலப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் நான்கு நிறப் பேனா தண்டனைக் கருவி ஆகிவிடும்.

பதினோரு வயதுக்கு மேல் அளவுகோல் உடம்புக்கு மாறுகிறது. அமெரிக்க உளவியலாளர் சூசன் ஹார்ட்டர், படிப்பு, விளையாட்டு, நட்பு, நடத்தை, தோற்றம் என்று பிரித்துப் பிள்ளைகளிடம் பல ஆண்டுகள் கேட்டுவந்தார். தன்னைப் பற்றிய ஒட்டுமொத்த மதிப்போடு மிக நெருக்கமாகச் சேர்ந்து நின்றது தோற்றம்தான், படிப்பு அல்ல. நம் வீடுகளில் ‘கறுப்பி’, ‘குண்டு’, ‘ஒல்லிப்பிச்சான்’ எல்லாம் செல்லப்பெயர்கள். ஆறு வயதில் அந்தப் பெயருக்குச் சிரித்த பிள்ளை பன்னிரண்டிலும் சிரிக்கும், பிறகு பாத்ரூமில் பத்து நிமிடம் அதிகமாக இருக்கும். கூப்பிடுகிற தாத்தாவிடம் பிள்ளை எதிரில் வாக்குவாதம் வேண்டாம், தனியாகச் சொல்லுங்கள், “அப்பா, இனிமே பேர் சொல்லியே கூப்பிடுங்க.” மூன்று நான்கு முறை சொல்ல வேண்டியிருக்கும்.

முகப்பருவோடு பள்ளிக்குப் போகமாட்டேன் என்கிற பிள்ளையிடம் “உன்ன யாரு பாக்கப் போறா?” என்பது நம் வழக்கமான பதில். ஊரே தன்னைப் பார்க்கிறது என்று நம்புகிற வயது அது. 1967இல் உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் இதற்குக் ‘கற்பனைப் பார்வையாளர் கூட்டம்’ என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார். கூட்டம் இல்லை என்று வாதாடிப் பயனில்லை. சரிசெய்ய முடிந்ததைப் பேச்சில்லாமல் சரிசெய்யுங்கள். வேகமாக வளரும் ஆண்டில் ஒரு பையன் 9 செ.மீ. போல உயர்வான், ஜூனில் தைத்த பேன்ட் ஜனவரியில் கணுக்காலுக்கு மேல் நிற்கும். தைக்கும்போதே கீழே இரண்டு இஞ்ச் மடிப்பு விடச் சொல்லுங்கள். உள்ளாடை, வியர்வை நாற்றம், அரும்பு மீசை இதையெல்லாம் பிள்ளை வாயால் கேட்காது. வாங்கி அலமாரியில் வைத்தால் போதும். பெண் வயதுக்கு வந்ததற்குத் தெருமுனையில் அவள் படத்தோடு பிளக்ஸ் வைப்பதற்கு முன், அவளை ஒரு வார்த்தை கேட்டவர்கள் எத்தனை பேர்?

பெயர்ப் பயனிலை, வினைப் பயனிலையோடு வினாப் பயனிலை என்று மூன்றாவதும் ஒன்று உண்டு. பதினாலு வயதுக்கு மேல் அதுதான்: நான் யார்? உளவியலாளர் எரிக் எரிக்சன் இதைப் பதின்வயதின் முக்கிய வேலை என்றார். 1966இல் ஜேம்ஸ் மார்சியா அதை நான்கு நிலைகளாகப் பிரித்தார்: தேடவும் இல்லை முடிவும் இல்லை, தேடாமலே முடிவு, தேடிக்கொண்டிருப்பது, தேடி அடைந்த முடிவு. பெற்றோருக்கு இதில் மிகவும் பிடித்தது இரண்டாவது. நாலு வயதில் கழுத்தில் பொம்மை ஸ்டெதாஸ்கோப், பதினைந்தில் பயாலஜி குரூப், பதினேழில் நீட். இடையில் ஒரு கேள்வியும் கிடையாது. பார்க்க அமைதியாக, தெளிவாக இருக்கும் பிள்ளை. மதிப்பெண் குறைகிற அன்றைக்கு அதற்குப் போவது ஒரு சீட் அல்ல, இருக்கிற ஒரே ‘நான்’. குழம்பித் திரிகிற மூன்றாவது நிலைப் பிள்ளையைப் பார்த்துத்தான் நாம் பயப்படுகிறோம். பயப்பட வேண்டியது அநேகமாக அதற்கு அல்ல.

குரூப் எடுப்பதற்கு முன்னால், ஒன்பதாம் வகுப்பு முடிந்த மே மாதமே பிள்ளை போக நினைக்கிற தொழிலைத் தெரிந்த மூன்று பேரிடம் பிள்ளையை அனுப்புங்கள். ஒருவர் புதிதாகச் சேர்ந்தவராகவும், ஒருவர் அதை விட்டு வெளியே வந்தவராகவும் இருக்கட்டும். கேட்க ஒரே கேள்வி: “நேத்து காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் என்னென்ன செஞ்சீங்க?” அந்தப் பதிலில் கனவு பாதி வடிந்துவிடும், மிச்சம் உறுதியாகும்.

பத்தாம் வகுப்பு வந்ததும் கேரம் போர்டு பரண்மேல் போகும், சிலம்ப வகுப்பு நிற்கும், பாட்டு டீச்சரிடம் “அடுத்த வருஷம் பாக்கலாம் மேடம்” என்று சொல்லப்படும். முக்காலியில் இரண்டு காலை வெட்டிவிட்டு, ஆடாமல் உட்கார் என்கிற காரியம் இது. வாரத்துக்கு மூன்று மணி நேரமாவது படிப்பில்லாத ஒன்று இருக்க வேண்டும், மதிப்பெண் குறைந்தாலும் அதைப் பிடுங்கக் கூடாது. மதிப்பெண் குறைந்த வாரத்தில்தான் அது அதிகம் தேவை.

வீட்டில் கிடைக்காத அடையாளத்தை வெளியில் தயாராக வைத்துக்கொண்டு சிலர் காத்திருக்கிறார்கள். தென்மாவட்டப் பள்ளிகளில் சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு ஒரு பதின்மூன்று வயதுப் பையனுக்கு ஒரே நாளில் அண்ணன்களையும் கூட்டத்தையும் எதிரியையும் கொடுத்துவிடுகிறது. 2023இல் நாங்குநேரியில் மாணவர்களிடையே நடந்த சாதி வன்முறைக்குப் பிறகு அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவின் ஒருநபர்க் குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை அந்தக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. கயிற்றைக் கழற்றலாம். கழற்றிய கைக்கு ஒரு கபடி அணியோ, என்.எஸ்.எஸ். குழுவோ, மேடைக்கு மைக் கட்டும் பொறுப்போ கொடுக்காமல் விட்டால் சட்டைக்குள் வேறு ஒன்று வரும்.

ஒரு எல்லைக்கு மேல் இது வீட்டு வைத்தியம் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ கெட்டுப்போவது, நண்பர்களை விட்டு ஒதுங்குவது, உடம்பில் கீறிக்கொள்வது, “நான் இல்லன்னா உங்களுக்கு நிம்மதி” என்ற பேச்சு. செத்துப்போகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 14416 (டெலிமானஸ் மனநல உதவி எண்), 104 (மருத்துவ உதவி எண்) இரண்டிலும் தமிழில் பேசலாம். பிள்ளைகளே அழைக்க 1098 (சிறார் உதவி எண்) இருக்கிறது.

பத்து வருடம் சோம்பேறி என்று கூப்பிட்டாயிற்று, இனி என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. மன்னிப்புக் கேட்கலாம். நேருக்கு நேர் உட்காரவைத்து வேண்டாம், வண்டியில் போகும்போதோ பாத்திரம் துடைக்கும்போதோ. “உன்ன சோம்பேறி, சோம்பேறின்னு சொல்லிட்டே இருந்திருக்கேன். அது தப்பு” என்று இரண்டு வரி. மூன்றாவதாக ‘ஆனா’ என்று ஆரம்பிக்கிற வரி வாய் வரைக்கும் வரும், அதை விழுங்கிவிடுங்கள். பிள்ளை “சரி, விடுங்கம்மா” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும். அன்றைக்கு அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.